முப்பத்தேழாம் எண் ஒலி காணாமல் போனது குறித்து

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மெய்ப்புத் திருத்துபவரைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு; போகப் போகத் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எடை, அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்து கிராம் குறைவாகக் காட்டிய தராசை நான் விட்டதில்லை. கூடுதலாகக் காட்டியதையும் விட்டதில்லை. தங்கள் மின்னணுவியல் மாத இதழைப் பதினோரு ஆண்டுகளாக அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறேன். புரிந்து வாசிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு வாசிக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் தங்கள் சென்ற மாத இதழில் வெளியான ‘பழைய சின்தசைசரைப் பத்தே படிகளில் புதுப்பியுங்கள்’ என்னும் கட்டுரையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். என் மனைவியின் சின்தசைசர் இருந்தது. அறுபத்தொரு கட்டை, மேலும் கீழுமாகத் தள்ளி ஒலியை மாற்ற நாற்பத்து மூன்று ஸ்லைடர், அறுபத்து நான்கு ஒலிகளைத் தனக்குள் எண் போட்டு வைத்துக்கொள்ளும் நினைவகம். எடை முப்பத்தொரு கிலோ நானூறு கிராம். இந்த எடை எனக்கு எப்படித் துல்லியமாகத் தெரியும் என்றால், அந்த எடையால்தான் எனக்குக் கல்யாணமே ஆயிற்று. அப்போது என் மனைவியும் அவளுடைய அண்ணனும் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். அண்ணன் பாடுவார், தங்கை இதை வாசிப்பாள். ஒரு நாள் காலை, வெளியூர்க் கச்சேரிக்குப் போக இருவரும் பேருந்து நிலையத்துப் பார்சல் கவுண்டரில் நின்றிருந்தார்கள். நாற்பது கிலோவுக்கு மேல் எதையும் கூரையில் ஏற்ற மாட்டோம் என்பது அங்கே சட்டம். கவுண்டர்க்காரர் பெட்டியைத் தராசில் வைத்து, நாற்பத்திரண்டு என்றார். அந்தப் பெண், “நாற்பத்திரண்டு இருந்தா நான் இதை இடுப்பில வச்சு மூணு மாடி இறங்கியிருக்க முடியுமா?” என்று கேட்டாள். அதே கவுண்டரைச் சோதிக்க அதே காலையில் படிக்கல் பெட்டியோடு போயிருந்தவன் நான். தராசைச் சோதித்தேன். பத்து கிலோ அறுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. எல்லோர் முன்னிலையிலும் அதற்குச் சிவப்புச் சீல் வைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள், ஞாயிறுதோறும், அந்தப் பெட்டியைச் சுமந்தவன் நான். குழுவில் எல்லோருக்கும் ஒரு வாத்தியம் இருந்தது. எனக்கு இந்தப் பெட்டியின் இடப்பக்கக் கைப்பிடி இருந்தது. மேடையில் அவளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளக் கழன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். புகைப்படங்களில் பாருங்கள், அவள் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு காது தெரியும். அது நான்.

இனி முப்பத்தேழாம் எண்ணுக்கு வருகிறேன். ஒரு திருமண வரவேற்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் கைவிரித்து விடலாம் என்றோம். என் மனைவி மட்டும் சின்தசைசரைச் சாப்பாட்டு மேசையில் தூக்கி வைத்து, அண்ணனை எதிரில் உட்கார வைத்து, ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி அண்ணன் குரலையே செய்யத் தொடங்கினாள். சொற்கள் வராது, ஆனால் அவர் பாட ஆரம்பிக்கும் முன் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று ஓர் இழுப்பு இழுப்பாரே, அது வரும். அவர் பேசக் கூடாது. தலையை மட்டும் ஆட்டுவார். மூன்று நாள். மூன்றாம் நாள் அதை முப்பத்தேழாம் எண்ணில் போட்டு வைத்தாள். வரவேற்புக் கச்சேரியில் மச்சான் பெயருக்கு மைக் முன் நின்றார், முப்பத்தேழு பாடியது. முடிந்ததும் பெண் வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் சார். இன்னிக்குத்தான் குரல் சுத்தமா இருந்துச்சு” என்றார். மச்சான் என் மனைவியோடு மூன்று மாதம் பேசவில்லை. டாக்டர் சொன்னது ஒரு வாரம்தான்.

பிறகு குழு கலைந்தது. எல்லோருக்கும் வேலை, பிள்ளை, மாற்றல். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. இருபத்திரண்டு ஆண்டுகள் அதன் மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மச்சானுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. இப்போது டார்ச் விளக்கு போன்ற ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிறார். வண்டு ஒன்று சொற்களைக் கற்றுக்கொண்டால் எப்படிப் பேசுமோ அப்படி இருக்கும். ஏற்றமில்லை, இறக்கமில்லை, கோபமா கேலியா என்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று என் மனைவி இஸ்திரித் துணிகளை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். “முப்பத்தேழு உள்ளதான் இருக்கும்” என்று மட்டும் சொன்னாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம், உயிர் வரவில்லை. அதற்கு மேல் அதைத் திறக்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.

இந்த நிலையில்தான் தங்கள் கட்டுரை வந்தது. ‘இத்தகைய கருவிகளின் நினைவகத்தை ஒரு சின்னஞ்சிறு பேட்டரிதான் காப்பாற்றி வருகிறது. அதன் ஆயுள் முடிந்தால் உள்ளே உள்ள ஒலிகள் அத்தனையும் அழியும். இன்றோ நாளையோ.’ இதை எழுதியவர் தங்கள் கட்டுரையாளர்தான், நான் இல்லை. மச்சானுக்கு எழுபது வயது நிறைகிற ஞாயிற்றுக்கிழமை பழைய குழுவினர் எங்கள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் என் மனைவி பத்து நாள் மகள் வீட்டுக்குப் போனாள். பேருந்து திருப்பத்தில் மறைந்ததும் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

முதல் படி, மூடியைத் திறப்பது. இருபத்தாறு ஸ்க்ரூ. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டதைத் தவிர.

இரண்டாம் படி, கட்டைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துவது. கழற்றிக் கழுவினேன். வலைப் பை ஒன்றில் போட்டுப் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டேன். பையில் ஓட்டை இருந்ததை நான் பார்க்கவில்லை, கட்டுரையாளரும் எச்சரிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர், கதவைத் தட்டினார். ஒரு வெள்ளைக் கட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்தார். “சார், மேலேயிருந்து விழுந்துச்சு. பல்லுன்னா இவ்வளவு பெரிசா இருக்காதுன்னு வீட்ல சொன்னாங்க. எதுக்கும் கேட்டுடலாம்னு வந்தேன்” என்றார். நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே என் வாயைப் பார்த்தார்.

மூன்றாம் படி, கட்டைகளுக்கு அடியில் உள்ள பஞ்சுப் பட்டையைச் சுத்தம் செய்வது. ‘காலப்போக்கில் சற்றுப் பிசுபிசுத்திருக்கக்கூடும்’ என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அவர்களே, அது தாராக மாறியிருந்தது. சுரண்டினால் விரலில் ஒட்டியது, விரலைத் துடைத்தால் துணியில் ஒட்டியது, துணியை உதறினால் சுவரில் ஒட்டியது. கதவுப் பிடி, தொலைபேசி, மூக்குக் கண்ணாடி, தலையணை உறை, குழாய் எல்லாவற்றிலும் என் கைரேகை. திருடன் வந்து போன வீட்டில்கூடப் போலீசாருக்கு இவ்வளவு தடயம் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து மகள் வீட்டிலிருந்து மனைவி பேசினாள். “என்ன பண்றீங்க?” என்றாள். “சும்மாதான் இருக்கேன்” என்றேன். தொலைபேசி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சும்மா இருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நான்காம் படி, உலர்ந்த கட்டைகளைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்லைடர்களில் தூசி எடுப்பது. எடுத்தேன். ஐந்தாம் படி, எரிந்துபோன ஃபியூசை மாற்றுவது. மாற்றினேன். மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு எண்கள் எரிந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சீலைக்கும் சட்டைக்கும் அடியில் படுத்திருந்த பெட்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது போல இருந்தது. நான் மூன்றையும் ஏழையும் அழுத்தினேன். ஒரே ஒரு கட்டையைத் தொட்டேன்.

மச்சான் வந்தார். மைக் முன் நின்று, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, ‘ம்ம்’ என்று இழுப்பாரே, அந்த மச்சான். தொண்டையைச் செருமாமலே செருமியது போல முதலில் ஒரு சின்ன நடுக்கம், பிறகு குரல். இரண்டு நொடி. நான் கையை எடுத்துவிட்டேன். தனியாகக் கேட்கக் கூடாது, அவள் வந்ததும் கேட்கலாம், இதை முதலில் பத்திரப்படுத்துவோம் என்று தோன்றியது. கட்டுரையைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் முதல் வரி: ‘இனி பழைய பேட்டரியைத் தயக்கமின்றிக் கழற்றலாம்.’

தயக்கமின்றி. இந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

பற்றவைக்கிற வேலையில் எனக்குக் கை நடுங்கும் என்பதால், உள்ளே பேட்டரி இருந்த மின்சுற்றுப் பலகையை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி, காதுக் கருவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்கு மாடியில் இருக்கிறார். நடுத்தர வயது அம்மாள். மச்சானின் பேசும் கருவியையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். தலையில் கட்டிய பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, எறும்புக்கு ஊசி போடுவது போலச் சூட்டுக்கோலை வைத்து, அரை நிமிடத்தில் பழைய பேட்டரியை எடுத்துவிட்டார். எடுத்து, இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, “உயிர் இன்னும் கொஞ்சம் இருக்கு சார். பரவால்ல, பழசு. உள்ள எதுவும் சேமிச்சு வைக்கலையே?” என்றார்.

நான், “சேமிச்சுத்தான் இருக்கு” என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இருந்துச்சு” என்றார்.

பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டுதான் பேட்டரியில் கை வைக்க வேண்டும், இது தெரியாதா என்று கேட்டார். நான் தங்கள் இதழைக் காட்டினேன். ‘தயக்கமின்றி’ என்ற வரியைப் படித்துவிட்டு, “யாரு சார் இதை எழுதினது? என்கிட்ட கூட்டிட்டு வாங்க, ஒரு காதைப் பார்க்கணும்” என்றார். இதைத் தங்கள் கட்டுரையாளருக்கு அப்படியே தெரிவிக்கவும்.

வீட்டுக்கு வந்து பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். அறுபத்து நான்கு எண்களிலும் ஒரே ஒலி. ரிவர்ஸில் பின்னால் வருகிற லாரி எழுப்புகிற ஒலி. நான் சும்மா இருக்கவில்லை. ஸ்லைடர் ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, கட்டம் போட்ட நோட்டில் குறித்து, நானே முப்பத்தேழைத் திரும்பச் செய்துவிடலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் விசில் வந்தது. இரண்டாம் நாள் கொசு வந்தது. மூன்றாம் நாள் கப்பல் சமையல்காரர் வந்தார். “சார், உங்க மோட்டார் தண்ணி இல்லாம ஓடுது. நிறுத்திடுங்க, எரிஞ்சிடும்” என்றார். அவர் பின்னாலேயே, பையோடு, இரண்டு நாள் முன்னதாகத் திரும்பிவிட்ட என் மனைவி நின்றாள்.

அவள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“ஓடுதா?” என்றாள்.

“ஓடுது.”

“நீங்களா திறந்தீங்க?”

“நான்தான். மொதல்ல உக்காரு, டீ போடறேன்.”

அவள் உட்காரவில்லை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒரு விரல் நேராகப் போய் மூன்றையும் ஏழையும் அழுத்தியது. லாரி பின்னால் வந்தது. முப்பத்தாறை அழுத்தினாள். லாரி. ஒன்று, இருபது, அறுபத்து நான்கு. எல்லாம் லாரி. பையைக் கீழே வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், இதழையும் காட்டினேன். அவள் இதழைப் பார்க்கவில்லை.

“அழியறதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

“ஒரே ஒரு தடவை.”

“எப்படி இருந்துச்சு?”

“மச்சானேதான்.”

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். முப்பத்து மூன்று ஆண்டு அளவை பார்த்த பழக்கம், என்னை அறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, “அண்ணனை வரச் சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் மச்சான் வந்தார். உள்ளே வந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் வாசலிலேயே கொட்டிவிட்டேன். அவர் குனிந்து செருப்பை நிதானமாகக் கழற்றினார். பிறகு கருவியைக் கழுத்தில் வைத்தார். “மாப்பிள்ளை. டாக்டர் ஒரு தடவை எடுத்தாரு. நீங்க ரெண்டாவது தடவை எடுத்துட்டீங்க.” அந்தக் கருவிக்குத்தான் ஏற்ற இறக்கம் கிடையாதே. நான் தூணைப் போல நின்றேன். அவர் மறுபடி வைத்தார். “டாக்டராவது முன்னாடியே கையெழுத்து வாங்கினாரு.” அப்புறம்தான் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அவர் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது, அவ்வளவுதான்.

அவரை எதிரில் உட்கார வைத்து என் மனைவி ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கு விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. ஸ்லைடரைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் தள்ளினாள். அவர் பழையபடி தலையை ஆட்டினார். ஆனால் இந்த முறை பேச்சும் இருந்தது, அதுதான் வினை.

“எனக்கு மூக்கடைப்பு கிடையாது” என்றது வண்டு.

“அண்ணா, உனக்கு எப்பவும் மூக்கடைப்புதான்.”

“நான் மேல் ஸ்தாயில தெளிவாப் பாடுவேன்.”

“பாடினதா உனக்கு நெனப்பு. அப்பல்லாம் நான்தான் ரெண்டு கையாலயும் சத்தத்தை ஏத்தி மூடிக்கிட்டிருப்பேன்.”

அவர் கருவியை மேசையில் வைத்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு மூன்று மாதம் ஆரம்பமாகிறது என்று நான் பயந்தேன். ஆனால் அவர் கையை நீட்டி ஒரு ஸ்லைடரை அவரே நகர்த்தினார். குரல் இன்னும் கொஞ்சம் மூக்கடைத்துக்கொண்டது. தங்கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மதியம் போனது. குரல் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள், இல்லை என்று அவர் சொன்னார். எதுவோ குறைகிறது, என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் இருவருமே இருபத்தாறு ஆண்டுகளாக அதைக் கேட்டவர்கள் இல்லை. திடீரென்று இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்கதானே கடைசியாக் கேட்டது. சொல்லுங்க” என்றாள்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு ஸ்வரம் தெரியாது. ஆறு ஆண்டுகள் மேடையில் நான் கேட்டது, பிளக் பாயிண்டுக்குள் வருகிற இரைச்சலைத்தான். என்றாலும் அந்த இரண்டு நொடி என் காதுக்குள் அப்படியே நின்றிருந்தது. “ஆரம்பத்துல ஒரு நடுக்கம் இருந்துச்சு. உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வர்ற மாதிரி. இதுல நேரா வந்து உக்காந்துடுது” என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அன்று பார்சல் கவுண்டரில் பார்த்தது போலத்தான். பிறகு இடப்பக்க ஓரத்தில் நாங்கள் யாரும் தொடாத ஒரு ஸ்லைடரை நூலளவு மேலே ஏற்றிவிட்டு, கட்டையைத் தொட்டாள்.

மச்சான் தலையை ஆட்டவில்லை. அவர் கை அவரை அறியாமல் கழுத்துக்குப் போனது. பாடும்போது அங்கே அதிருமே, அதைத் தொட்டுப் பார்க்கிறவர் போல விரல்களை வைத்துக்கொண்டு, ஒலி அடங்குகிற வரை உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஒரு கையால் சேமிக்கிற பட்டனை அழுத்திக்கொண்டு, “ஏங்க, நீங்க அழுத்துங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றாள். நான் மூன்றையும் ஏழையும் அழுத்தினேன்.

பழைய ஒலி அச்சு அசலாக வந்துவிட்டதா என்றால், இல்லை. என் துறை மொழியில் சொல்வதென்றால் பத்து கிராம் வித்தியாசம் இருக்கிறது. பத்து கிராமுக்குச் சீல் வைத்தவன் நான். இதற்கு வைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பழைய டிரம்ஸ்காரர் இப்போது பல் டாக்டர், காது மந்தம். காதுக் கருவி மெக்கானிக்கையும் அழைத்திருந்தோம், அவர் பல் டாக்டருக்கும் மச்சானுக்கும் நடுவில் உட்கார்ந்து இருவரின் கருவிகளையும் கவனித்துக்கொண்டார். கப்பல் சமையல்காரர் கீழிருந்து நாற்காலிகள் கொண்டுவந்தார். என் மனைவி மூன்று பாட்டு வாசித்தாள். நாலாவது வாசிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சானிடம், “குரல் அப்படியே இருக்கு. ஆனா ஏன் வாயைத் திறக்காமப் பாடறே? பல்லுல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். யாரும் திருத்தவில்லை. நான் மேசைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

எனினும், ஆசிரியர் அவர்களே, முடிவு நன்றாக அமைந்தது என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது. கேசட்டில் பதிய வேண்டும் என்ற ஒரு வரியை விட்டுவிட்டுப் பேட்டரியைத் தயக்கமின்றிக் கழற்றச் சொன்ன கட்டுரையால் எத்தனை வீடுகளில் எத்தனை குரல்கள் போயினவோ, தெரியாது. எல்லா வீட்டிலும் என் மனைவி இருக்க மாட்டாள். ஆகவே, (அ) அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டும். (ஆ) அதைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் போடாமல் கட்டம் கட்டிப் போட வேண்டும். (இ) மெய்ப்புத் திருத்துபவரிடம் விளக்கம் கேட்டு அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறர் தவறுகளைக் கண்டுபிடித்தே வாழ்ந்தவன் என்பதால், இதை விடமாட்டேன் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் அச்சு இயந்திரங்கள் தடையின்றி ஓடவும், தங்கள் வாசகர்கள் பெருகவும், தாங்கள் நெடுநாள் நல்ல குரலோடு வாழவும் வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
எடை, அளவை ஆய்வாளர் (ஓய்வு)

பி.கு.: நேற்று இக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்டும் நேரத்தில், சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து, “இதுல நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கே, இதெல்லாம் எங்க போகணும்?” என்று கேட்டாள். பொட்டலத்தைப் பிரித்தேன். அது தங்கள் இதழின் நடுத்தாள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில் மடித்துப் பத்திரப்படுத்துமாறு முதல் படியில் சொல்லியிருந்ததால், கைக்கு எட்டிய தாளை உருவி மடித்தது நான்தான். அதில் ஆறாம் படியும் ஏழாம் படியும் இருக்கின்றன. ஆறாம் படி முழுவதும் கேசட்டில் பதிவது எப்படி என்பதுதான். கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், ‘இதைச் செய்யாமல் பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள்’ என்று போட்டிருக்கிறது. ஐந்துக்குப் பிறகு எட்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. ஆகவே (அ), (ஆ), (இ) மூன்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மெய்ப்புத் திருத்துபவரிடம் என் மன்னிப்பைத் தெரிவிக்கவும். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். இவ்வளவு எழுதியாயிற்று, அனுப்புங்கள் என்கிறாள் மனைவி.

இன்று காலை ஆறாம் படியைச் செய்தோம். முப்பத்தேழைக் கேசட்டில் பதிந்தாயிற்று. ஆனால் கேசட்டைத் தனியே ஓட்டினால் குரல் கேட்பதில்லை. தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு நிமிடம் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அது அப்படித்தான் இருக்கும், பெட்டிக்கு அது புரியும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மச்சான் மட்டும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த ஒரு நிமிடத்தையும் முழுதாகக் கேட்டார். முடிந்ததும் கருவியைக் கழுத்தில் வைத்து, “இன்னொரு தடவை போடுங்க, மாப்பிள்ளை” என்றார்.